பிண்டி நிழலும் பேட்டைத் தெருவும்



நகரங்களில் மரம் வளர்ப்பதால் விளையும் நன்மை என்பது இவ்வுரைக்கு வகுக்கப்பட்ட பொருள். இப்பொருளைப் பேசப் புகுவோர் பெரும்பாலும் காட்டிலிருந்து தொடங்கி நகரத்திற்கு வருவர். தமிழ்ச் சமணர் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. நகரத்தின் நடுவே நின்ற மரம் ஒன்று அவர்களுடைய இலக்கிய நினைவில் நெடுங்காலமாக நிழல் பரப்பி நிற்கிறது.

சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில் கோவலனும் கண்ணகியும் வைகறை இருளில் புகாரை விட்டுப் புறப்படுகின்றனர். மணிவண்ணன் கோட்டத்தையும் இந்திர விகாரங்களையும் கடந்து வரும் அவர்கள், சந்திகள் வந்து கூடும் பெரிய மன்றத்தில் பிண்டி மரத்தின் நிழலில் இடப்பட்ட கற்பீடம் ஒன்றைத் தொழுது வலம் வருகின்றனர். அப்பீடத்தை இட்டவர் யார் என்பதையும் காப்பியம் கூறுகிறது. அரசன் இட்டதன்று அது. வணிகன் ஒருவன் தன் பெயர் விளங்க நிறுத்தியதும் அன்று. புலால் உண்ணாமையும் பொய்யாமையும் நோன்பாகக் கொண்ட சாவகர் பலர் ஒன்றுகூடி அமைத்தது. நீராட்டு விழாவின்போதும் தேர்விழாவின்போதும் சாரணர் வந்து அறம் உரைப்பர் என்பதற்காக அது அமைக்கப்பட்டது. அறிவுரை கேட்கத் திரளும் மக்களுக்கு நிழல் வேண்டும். அதனை மரம் தந்தது. அமர்ந்து உரைக்க இடம் வேண்டும்; அதனைச் சாவகர் தந்தனர். நெரிசல் மிக்க துறைமுக நகரத்தில், தெருக்கள் கூடும் இடத்தில் இஃது இருந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

பிண்டி என்பது அசோகு. அருகனுக்குரிய எட்டுப் பிராதிகாரியங்களுள் முதலில் எண்ணப்படுவது அசோக மரம். பூமாரியும் முக்குடையும் சாமரமும் சிங்காதனமும் அதனுடன் வைத்து எண்ணப்படுகின்றன. சோகத்தைப் போக்குவதனால் அசோகம் என்பர். சமவசரணத்தில் தேவர், மானிடர், விலங்கு எனும் எல்லாக் கூட்டத்திற்கும் அம்மரத்தின் கீழ் இடம் உண்டு. பிண்டியின் நிழலில் இருப்பவன் என்றே அருகனைச் சமணப் புலவர் பலரும் போற்றினர்.

அவ்வாறிருக்க, இன்று ஊர்தோறும் அசோக மரம் என்ற பெயரில் நிற்பது எது? மதிற்சுவரை ஒட்டி வரிசையாக, கிளைகள் கீழ்நோக்கித் தொங்க, தூண்போல் நெட்டையாக உயரும் அந்த மரத்தின் தமிழ்ப் பெயர் நெட்டிலிங்கம். அதற்கும் அசோகிற்கும் குலத்தொடர்பு இல்லை. உண்மையான அசோகு படர்ந்த முடி உடையது, அடர்ந்த இலையினது, செம்மஞ்சட் பூங்கொத்துகளைக் கிளையிலும் அடிமரத்திலுமாக ஏந்துவது. மருந்திற்காக அதன் பட்டையை உரித்தே காடுகளில் அதனை அருகச் செய்துவிட்டனர். நெட்டிலிங்கம் இடத்தை அடைக்காது, விரைந்து உயரும், பார்வைக்கு ஒழுங்காக இருக்கும் என்பதனால் கல்விக்கூடங்களும் திருமண மண்டபங்களும் அதனை விரும்பி நட்டன. நண்பகலில் அதன் அடியில் ஒருவர் நிற்க முயன்றால் தலைக்கு நிழல் கிடைத்தால் தோளுக்குக் கிடைக்காது. அருகனுடைய மரத்தின் பெயரைத் தாங்கிக்கொண்டு அருகனுடைய மரம் செய்த தொண்டினைச் செய்யாத ஒன்று ஊரெல்லாம் நிற்கிறது. இதில் நெட்டிலிங்கத்தின் பிழை ஏதும் இல்லை. அழகிற்கு நடுவதும் நிழலுக்கு நடுவதும் வேறு வேறு என்பதை ஊரார் மறந்ததே காரணம்.

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் உள்ள ஐயம்பேட்டை நெசவால் வாழும் ஊர். பேட்டை என்ற சொல்லே வணிகரும் கைவினைஞரும் குடியேறிய இடத்தைக் குறிப்பது. கைத்தறி நெசவாளர் வாழும் இத்தகைய பேட்டைகளில் வீடுதான் தொழிற்கூடம். தறி இருக்கும் அறையில்தான் உணவும் உறக்கமும். ஆகவே தெருவின் வெப்பம் என்பது அங்கே நடைபாதையோடு நின்றுவிடுவதில்லை. தறிமேடை வரை வருகிறது.

குழித்தறியின் நுட்பத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நெசவாளர் கால்களைக் குழியில் வைத்து மிதிகளை இயக்குகிறார். பாவு தரையை ஒட்டி நீண்டிருக்கிறது. மண் தரையின் ஈரமும் குளிர்ச்சியும் இழையில் படும். இழையில் சிறிது ஈரம் இருந்தால்தான் அது நெகிழ்ந்து கொடுக்கும். வறண்ட காற்று பட்டால் இழை அறும். அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சிடும் நேரத்திற்குக் கூலி இல்லை. பழைய ஓட்டு வீடுகளில் தறிக்கூடம் தாழ்ந்தும் குளிர்ந்தும் இருந்தது. ஓடு இருந்த இடத்தில் கான்கிரீட் தளமும் தகரக் கூரையும் வந்தன. மண் தெரு சிமெண்ட் தெருவாயிற்று. பகலெல்லாம் கதிரவனின் வெம்மையைக் குடித்துவைத்துக்கொண்டு இரவு முழுதும் அதனைத் திருப்பித் தருவது கான்கிரீட்டின் இயல்பு. கத்திரி வெயிற் காலத்தில் நள்ளிரவிலும் சுவர் சுடுவதற்கு அதுவே காரணம். பகலில் உழைத்த உடல் இரவிலும் ஓயாதபோது மறுநாள் தறியில் அமரும் நேரம் குறைகிறது. ஒரு சேலை முடியும் நாள் தள்ளிப்போகிறது. மரமின்மை ஓர் ஊரின் வருவாயைக் குறைக்கும் என்று கூறினால் அது மிகைக்கூற்று ஆகாது.

இவ்விடத்தில் மரம் என்ன செய்கிறது? இரண்டு செயல்களைச் செய்கிறது. ஒன்று, கதிரவன் ஒளி தரையிலும் சுவரிலும் படாமல் தானே ஏற்றுக்கொள்கிறது. மற்றொன்று, வேரால் உறிஞ்சிய நீரை இலையின் நுண்துளைகள் வழியே ஆவியாக்கி, அவ்வாறு ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மண்பானையில் நீர் குளிர்வதும் இவ்விதியாலேயே. அமெரிக்க நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தரும் கணக்கின்படி, நிழலில் உள்ள பரப்பு வெயிலில் காயும் பரப்பின் உச்ச வெப்பத்தைவிட 11 முதல் 25 செல்சியஸ் பாகை வரை குறைந்திருக்கக்கூடும். இலைகள் நீரை ஆவியாக்குவதால் கோடைக் காற்றின் உச்ச வெப்பம் 1 முதல் 5 பாகை வரை தணியக்கூடும்.

ஐரோப்பாவின் 93 நகரங்களை ஆராய்ந்து 2023ஆம் ஆண்டில் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளியான கட்டுரை இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. 2015ஆம் ஆண்டின் கோடையில் அந்நகரங்களில் ஏறத்தாழ 6,700 பேர் உரிய காலத்திற்கு முன்னரே இறந்தமைக்கு, கட்டடங்களாலும் சாலைகளாலும் நகரம் தானே உண்டாக்கிக்கொண்ட கூடுதல் வெப்பம் காரணம் என்று அவ்வாய்வாளர் மதிப்பிட்டனர். நகரப் பரப்பில் 30 விழுக்காடு மரக்கவிகை இருந்திருப்பின் 2,644 பேர் பிழைத்திருப்பர் என்பதும் அவர்களின் மதிப்பீடு. ஐரோப்பாவின் கோடையே இத்தனை உயிரைக் கொள்ளுமாயின் வடதமிழ்நாட்டின் கோடையைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மரம் பிராணவாயு தருகிறது, ஒரு மரம் இத்தனை பேருக்கு மூச்சளிக்கிறது என்று மேடைதோறும் ஒரு கணக்குச் சொல்லப்படுகிறது. அதனை இங்கு விட்டுவிடலாம். காற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயுவே. மரம் உள்ள தெருவிலும் இல்லாத தெருவிலும் அந்த அளவு ஒன்றே. இல்லாத பெருமையை மரத்திற்கு ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உள்ள பெருமையே போதும். இலைகள் புழுதியைப் பிடித்து நிறுத்துகின்றன. பெருமழையின் விசையைக் கிளைகள் தாங்கி மெல்ல இறக்குகின்றன. மண் சிறிது நீரை உள்வாங்க நேரம் கிடைக்கிறது. ஏரிகளை நம்பி வாழ்ந்த மாவட்டத்தார்க்கு இதன் அருமை தெரியும். மனத்திற்கும் அது மருந்தாகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்டோருள், சாளரத்தின் வழியே மரங்களைக் காணும் அறையில் இருந்தவர்கள் செங்கற் சுவரைக் காணும் அறையில் இருந்தவர்களைவிட முன்னதாக வீடு திரும்பினர், வலிமருந்தும் குறைவாகவே கேட்டனர் என்று 1984இல் ரோஜர் உல்ரிக் என்னும் அறிஞர் சயன்ஸ் இதழில் எழுதினார்.

காஞ்சி என்னும் பெயரே ஒரு மரத்தின் பெயர். நீர்நிலைகளின் கரையில் வளரும் அம்மரம் சங்க நூல்களில் பயின்று வருவது. ஏகாம்பரம் என்பது ஒற்றை மாமரத்தால் வந்த பெயர். கெடிலக் கரையில் பாதிரி மரத்தின் பெயரைத் தாங்கிய பாடலிகையில் சருவநந்தி முனிவர் கி.பி. 458இல், காஞ்சியை ஆண்ட சிம்மவர்ம பல்லவனின் 22ஆம் ஆட்சியாண்டில், லோகவிபாகத்தை எழுதி முடித்தார். ஊருக்கு மரத்தின் பெயரை இட்ட மக்கள் அம்மரத்தை ஊரின் அடையாளமாகவே கருதியிருத்தல் வேண்டும்.

இவை அனைத்தினும் சமணர்க்கு அணுக்கமானது ஜினகாஞ்சியாகிய திருப்பருத்திக்குன்றத்துக் குராமரம். வேகவதியாற்றின் கரையில் திரைலோக்கியநாதர் ஆலயத்தில், விசயநகர அமைச்சர் இருகப்பர் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எடுப்பித்த சங்கீத மண்டபத்தின் ஓவியங்களைக் காண வருவோர் பலர். தி. நா. இராமச்சந்திரன் 1934இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வாயிலாக அவ்வாலயத்தைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். ஓவியங்களைக் கண்டு வியப்போர் குராமரத்தின் முன் சற்றே நின்று கடந்துவிடுவர். மேடை கட்டிக் காக்கப்பட்ட அம்மரத்தைப் பற்றிக் கல்லிற் பொறித்த வெண்பா ஒன்று உண்டு. அம்மரம் தன் அளவிலிருந்து சுருங்குவதும் இல்லை, பெருகுவதும் இல்லை என்று கூறும் அவ்வெண்பா, மன்னனுடைய ஆட்சியின் நன்மையை அம்மரமே காட்டி நிற்கிறது என்றும் உரைக்கிறது.

இக்கருத்து ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஆட்சி நன்றாக இருக்கிறதா என்பதை அறிய அரண்மனையைப் பார்க்கச் சொல்லவில்லை; மரத்தைப் பார்க்கச் சொல்கிறது. முடிமன்னர் காலம் கழிந்துவிட்டது. தெருவைச் செப்பனிடும் அதிகாரமும் மரத்தை வெட்ட இசைவு தரும் அதிகாரமும் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றங்களிடமும் அரசு அலுவலகங்களிடமும் இருக்கின்றன. பொது இடத்து மரத்தை வெட்டும் கோரிக்கையை ஆராய மாவட்ட ஆட்சியர் தலைமையில் பசுமைக்குழு இயங்குகிறது. அத்தகைய குழு ஒன்று உண்டு என்பதையும், அதனிடம் முறையிடலாம் என்பதையும் அறிந்த குடும்பங்கள் மிகச் சிலவே. அறிந்தோர் கேட்டால் ஒரு மரமேனும் தப்பும்.

வெட்டுதல் என்ற பேச்சு வந்தபின் லேசியைக் கதையை நினையாமல் இருக்க இயலாது. சமணப் பள்ளிகளில் சிறுவர்க்கு முதலில் சொல்லப்படும் கதைகளுள் அஃது ஒன்று. பசித்த அறுவர் பழுத்த நாவல் மரத்தைக் காண்கின்றனர். கரிய லேசியை உடையவன் வேரோடு சாய்ப்போம் என்கிறான். நீல லேசியை உடையவன் அடிமரத்தை வெட்டினால் போதும் என்கிறான். புறாநிற லேசியை உடையவன் பெருங்கிளைகளையும், மஞ்சள் லேசியை உடையவன் சிறுகிளைகளையும் வெட்ட எண்ணுகின்றனர். தாமரைநிற லேசியை உடையவன் கனிகளை மட்டும் பறிக்கலாம் என்கிறான். வெண்ணிற லேசியை உடையவனோ, தரையில் தாமே விழுந்து கிடப்பனவே பசிக்குப் போதுமே என்கிறான். அறுவரின் பசியும் ஒன்று, மரமும் ஒன்று. கருத்து மட்டும் வேறுபடுகிறது.

இக்கதையை இன்றைய தெருவில் நிறுத்திப் பார்த்தால் அறுவரும் இன்னும் உயிரோடிருப்பது தெரியும். சாலையை அகலப்படுத்தும்போது மாற்றுவழி ஆராயாமல் வரிசைப் புளியமரங்களை ஒருங்கே சாய்ப்பவன் முதலாமவன். மின்கம்பியில் ஒரு கிளை உரசுகிறது என்பதற்காக மரத்தை மொட்டையாக்கிவிட்டுச் செல்பவன் மூன்றாமவன். விளம்பரப் பலகைக்கு ஆணி அடிப்பவனையும், குப்பையைக் குவித்து அடிமரத்தில் தீ வைப்பவனையும் எவ்வகையில் சேர்ப்பது என்பதைக் கதை சொன்ன ஆசாரியரிடமே கேட்க வேண்டும்! உரசும் கிளையை மட்டும் அதன் கணுவருகே செம்மையாக அறுத்தெடுப்பதும் இயலக்கூடியதே. அதற்குத் தேவைப்படுவது கூரிய ரம்பமும் சற்றுக் கூடுதலான பொறுமையும்தான்.

கோடரி இன்றியும் மரம் கொல்லப்படுகிறது. சிமெண்ட் தெருவையோ நடைபாதைக் கற்களையோ அடிமரத்தை நெருக்கி இட்டுவிட்டால் வேருக்கு நீரும் காற்றும் செல்வதில்லை. மரம் ஓரிரு ஆண்டு பசுமையாகவே நிற்கும்; பின்னர் ஒரு காற்றில் சாயும்; மரத்தின் வலிமையின்மை மீது பழி விழும். தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவிற்குக் கான்கிரீட்டை நீக்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் ஆணையிட்டது. ஐயம்பேட்டை போன்ற ஊர்களில் ஒரு மீட்டர் விட இடமில்லை என்பர். இரண்டடி விட்டாலும் மரம் நன்றி பாராட்டும்.

இனி ஓர் ஐயத்திற்கு விடை கூறல் வேண்டும். குழி தோண்டினால் மண்ணுயிர்க்கும் புழுவிற்கும் தீங்கு நேருமே, நீர் பாய்ச்சுவதும் கிளை கழிப்பதும் ஏகேந்திரிய உயிர்களுக்குத் துன்பம் அல்லவா, சிராவகர் மரம் நடுதல் தகுமா என்று முதியோர் சிலர் வினவுவதுண்டு. வினா எள்ளத்தக்கதன்று. புல்லையும் மரத்தையும் ஓரறிவுடைய உயிர்களாகத் தொல்காப்பியத்தின் மரபியல் வகுத்தது. நிலம், நீர், தீ, காற்று என்பவற்றிற்கும் உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டு எனச் சமண ஆகமம் மேலும் நுணுகிச் சென்றது. ஆயினும் இல்லறத்தார்க்கும் துறவோர்க்கும் விதி ஒன்றன்று. சங்கல்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி என இம்சையை நால்வகையாகப் பகுத்த ஆசாரியர், கொல்லும் எண்ணத்தோடு செய்வதாகிய சங்கல்ப இம்சையையே இல்லறத்தார் முழுதும் விலக்க வேண்டும் என்றனர். உழவும் சமையலும் வீடு கட்டுதலும் எச்சரிக்கையோடு செய்யத்தக்கவை என விட்டனர். காஞ்சியோடு தொடர்புடையவராக மரபு போற்றும் சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதனைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் குணவிரதங்களுள் ஒன்றாக அனர்த்ததண்ட விரதத்தை வைத்தன. பயனின்றி நிலத்தை அகழ்தல், நீரைச் சிதைத்தல், தீ மூட்டல், செடிகொடிகளை அறுத்தல் ஆகியவற்றைத் தவிர்ப்பது அவ்விரதத்தின் ஒரு கூறு. பயனின்றி என்பதே அதன் உயிர்நாடி. பல்லுயிர்க்கு நூறாண்டு நிழலும் உணவும் தரப்போகும் மரத்திற்காக அகழும் ஒரு குழி அத்தடையில் அடங்காது. மழைக்குப் பின் மண் நெகிழ்ந்திருக்கும்போது, எறும்புப் புற்று இல்லாத இடம் பார்த்துக் கையாலேயே தோண்டினால் நேரும் தீங்கும் மிகக் குறையும். பட்டிற்கும் அகிம்சைக்கும் இடையே உள்ள பழைய வழக்கு வேறு. அதனைத் தீர்க்க இவ்வவை போதாது.

எம்மரத்தை நடுவது என்பதற்கும் ஆகமத்திலேயே வழி இருக்கிறது. ஒவ்வொரு தீர்த்தங்கரரும் ஒரு மரத்தின் அடியில் கேவலஞானம் எய்தினர். ஆதிநாதர்க்கு ஆல், அஜிதநாதர்க்கு ஏழிலைப்பாலை, சுபார்சுவநாதர்க்கு வாகை, அனந்தநாதர்க்கு அரசு, அரநாதர்க்கு மா, மல்லிநாதர்க்கு அசோகு, முனிசுவிரதர்க்குச் செண்பகம், நமிநாதர்க்கு மகிழம். இவற்றுள் பெரும்பாலானவை தொண்டை மண்டலத்து மண்ணில் வளர்வன. ஆலும் அரசும் வீட்டு வாயிலுக்கு ஆகா; வேர் சுவரைப் பிளக்கும். ஏரிக்கரை, சந்தைத் திடல், பள்ளி மைதானம் ஆகியவற்றிற்கு அவை ஏற்றவை. மாமன்னர் அசோகர் சாலையோரங்களில் மக்களுக்கும் விலங்குகளுக்கும் நிழல் தர நடுவித்ததாகத் தம் தூண் சாசனத்தில் பொறித்ததும் ஆலமரத்தையே. குறுகிய தெருவிற்கு மகிழத்தைப் போன்ற மரம் அரிது. பெரிதும் உயராது; என்றும் பசுமையாக அடர்ந்திருக்கும்; பூ உதிர்ந்தால் தெரு மணக்கும்.

ஆல், அரசு, அத்தி, இத்தி முதலியவற்றைப் பற்றி ஒரு சொல். அமிர்தசந்திரர் முதலான ஆசாரியர் மது, மாமிசம், தேன் என்னும் மூன்றோடு ஐந்து உதும்பரக் கனிகளையும் சிராவகர் உண்ணலாகாது என விலக்கினர். அக்கனிகளுக்குள் சிற்றுயிர்கள் வாழ்கின்றன என்பது காரணம். அத்தி இனத்துக் கனி ஒவ்வொன்றும் நுண்ணிய குளவி முட்டையிட்டுப் பெருகும் வீடு என்று இன்றைய உயிரியல் கூறுவதும் அதுவே. மற்ற மரங்கள் காய்க்காத காலத்தும் இவை கனி தருவதால் குயிலும் மைனாவும் வௌவாலும் அணிலும் இவற்றை நம்பி வாழ்கின்றன. மனிதன் கைவைக்காத கனியாதலின் அவற்றின் பங்கு குறைவதும் இல்லை. சிராவகர் தமக்கு எப்பயனும் கருதாமல் நடக்கூடிய மரம் ஒன்று உண்டாயின் அஃது உதும்பரமே.

நெசவுத் தெருவிற்குத் தனிக் கவனம் வேண்டும். தெருப்பாவு நீட்டும் வழக்கம் உள்ள இடத்தில் மரம் நினைத்த இடத்தில் நிற்க முடியாது. மூன்று சேலைக்குரிய பாவு ஏறத்தாழ 18 மீட்டர் நீளும். அது நேராக நிற்க வேண்டும். கஞ்சி தோய்த்த இழை காய இளவெயிலும் வேண்டும். பிசின் கசியும் மரமோ, கறைபடும் கனியை உதிர்க்கும் நாவலோ பாவின் மேல் கவிந்தால் இழை கெடும். வடக்கு தெற்காக ஓடும் தெருவில் மேற்குச் சிறகில் மட்டும் வேம்போ மகிழமோ வரிசையாக நின்றால் காலை வெயில் தடையின்றிப் பாவின்மேல் விழும். பிற்பகலில் நிழல் தெருவை மூடும். நாவலும் இலுப்பையும் புங்கமும் கொல்லைப்புறத்திற்கும் குளக்கரைக்கும் போகட்டும். நிழலின் தேவையும் தொழிலின் தேவையும் முரணும் இடத்தில் நெசவாளரைக் கேளாமல் நடப்படும் கன்று ஓராண்டு தாங்காது. அவர் அதனைப் பிடுங்க வேண்டியதில்லை. நீர் ஊற்றாமல் இருந்தாலே போதும்.

கன்று தாங்காமைதான் பெருங்குறை. தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாகப் பத்தாண்டுகளில் உயர்த்துவதற்கெனப் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. அரசும் நடுகிறது; கழகங்களும் நடுகின்றன; பிறந்தநாள் காண்போரும் நடுகின்றனர். நடும்போது எடுத்த படம் நாளிதழில் நிற்கிறது, கன்று நிற்பதில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் பல்லாயிரம் மரங்களை வீழ்த்தியபோது, விரைந்து பூக்கும் என்பதற்காக நடப்பட்ட குல்மோகர் போன்ற அயல்நாட்டு மரங்களே மிகுதியாகச் சாய்ந்தன என்று பலரும் பதிவு செய்தனர். நட்டவர் கணக்கில் அவை வெற்றியே. நாற்பதாண்டு கழித்துத்தான் தோல்வி தெரிந்தது.

சிங்கப்பூரின் செய்தி இங்கு உதவும். 1963 சூன் 16 அன்று பாரர் சர்க்கஸ் என்னும் நாற்சந்தியில் லீ குவான் யூ ஒரு மெம்பாட் மரக்கன்றை நட்டு மரநடுகையைத் தொடங்கிவைத்தார். தலைவர் ஒருவர் கன்று நடுவது எங்கும் நடப்பதே. நட்டபின் மரங்களைப் பேணுவதற்கென்றே ஒரு துறையை அந்நாடு ஏற்படுத்தியதுதான் எங்கும் நடவாதது. அத்துறை அளவிற்குப் போக வேண்டாம் எனில், கருநாடகத்து ஹுலிகல்லில் வாழ்ந்த சாலுமரத திம்மக்காவைப் பார்க்கலாம். மக்கட்பேறு இல்லாத அவரும் கணவரும் கூலி வேலைக்கு இடையே குடத்தில் நீர் சுமந்து ஊற்றிச் சாலையோரத்தில் 385 ஆலமரங்களை வளர்த்தனர். 2019இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அவரிடம் இருந்தது குடமும் நாள்தவறாத நடையும்.

ஆகவே விழா நாளில் நூறு கன்று என்று எண்ணுவதினும், ஐயம்பேட்டையில் நெசவாளர் தெரு ஒன்றில் பன்னிரண்டு கன்று என்று எண்ணுவது நன்று. மழைக்காலத் தொடக்கமாகிய ஐப்பசியில் நட்டால் வடகிழக்குப் பருவமழை வேரூன்ற உதவும். குழி மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். தோண்டிய மேல்மண்ணோடு மக்கிய எருவும் வேப்பம்பிண்ணாக்கும் கலந்து நிரப்பலாம். ஐந்தடிக்குக் குறைந்த கன்றைத் தெருவில் வைத்தால் ஆட்டிற்கு இரையாகும். உயர்ந்த கன்றும் கூண்டும் வேண்டும். கூண்டின்மேல் நன்கொடையாளர் பெயர் எழுதுவது வழக்கம். அதன் கீழேயே நீர் ஊற்றும் பொறுப்பை ஏற்ற வீட்டாரின் பெயரையும் எழுதலாம். முதல் மூன்று கோடைகளிலும் கிழமைக்கு இருமுறை இரண்டு குடம் நீர் அவர்கள் ஊற்ற வேண்டும். வீட்டார் வெளியூர் சென்றால் அடுத்த வீட்டார் ஊற்ற வேண்டும். பட்டுப்போன கன்றிற்கு ஈடாக மறு ஐப்பசியில் வைப்பதற்கென நான்கு கன்றுகளைத் தொட்டியில் வளர்த்துவருவது அறக்கட்டளையின் பொறுப்பு. தெரு முனையில், சந்திகள் கூடும் இடத்தில் அகன்ற வெளி இருந்தால் அங்கே ஒரு மெய்யான அசோகை நடலாம்; அது வளர்ந்து நிழல் பரப்பும்போது அதனடியில் ஒரு கற்பலகை இடலாம். நெசவாளர் தறியை விட்டெழுந்து பிற்பகலில் அங்கு அமர்வர்.